44 வயதில் ஓசூர் வேலையை விட்டுச் சொந்தத் தொழில்: எந்தக் கணக்கை முதலில் பார்ப்பது?

கேள்வி இது: வயது 44. சொந்த ஊர் தர்மபுரி பக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். மகள் பத்தாம் வகுப்பு, வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது ஆண்டு. இனி அடுத்தவனுக்கு உழைக்க மனமில்லை. முன்னால் மூன்று வழிகள். ஒன்று, தெரிந்த பெரியவர் ஒருவர் இரண்டு விஎம்சி மெஷின் (கம்ப்யூட்டரில் ஓடும் உலோகம் கடையும் மெஷின்) உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டை, அதாவது கம்பெனி தரும் பொருளைக் கூலிக்குச் செய்து தரும் யூனிட்டை, 38 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். இரண்டாவது, காவேரிப்பட்டணத்து மச்சான் மாங்கூழ் ஆலை போடலாம் என்கிறார். மூன்றாவது, தர்மபுரி நான்கு ரோடு பக்கம் பிராஞ்சைஸ் டீக்கடை. எதைச் செய்வது?

நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கியிருக்கிறேன். மூன்றில் முதலாவதைத்தான் பேச்சுக்கு எடுத்துக்கொள்வேன். அதையும் அவர் சொல்கிற விலைக்கும் அவர் சொல்கிற முறையிலும் வாங்கச் சொல்ல மாட்டேன். விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் சப்ளையர்கள் பேச்சு. "சார், நீங்க வெளிய வாங்க, வேலைய நான் தர்றேன்" என்று நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அவர்கள் அனுப்பும் பெட்டியை ஏற்பதா, திருப்புவதா என்பது உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அந்த நாற்காலிக்குச் சொன்ன வார்த்தை அது. நாற்காலியை விட்டு இறங்கி ஆறு மாதம் கழித்தும் போனை எடுப்பவர் யார் என்று பாருங்கள், அவர்தான் உங்கள் வாடிக்கையாளர். இன்னொன்று, முன்னாள் ஊழியர் உடனே சப்ளையராக வருவதைச் சில கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. வேலை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக்கூடாது என்ற ஷரத்து உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது பெரும்பாலும் நிற்காது. கம்பெனியின் டிராயிங்கையும் விலைப்பட்டியலையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வருவது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

இனி அந்த யூனிட். இரண்டு மெஷின், எட்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு, மாதம் 25 நாள் என்றால் 800 மெஷின் மணி. ரேட் மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செட்டிங், கரண்ட் தடை, ஆள் வராத நாள், பீஸ் வராத நாள் எல்லாம் போக 70 சதவீதம் ஓடினால் 560 மணி, பில் 2,24,000. செலவைப் பாருங்கள். நாலு ஆபரேட்டர், ஒரு ஹெல்பர், சம்பளம் 87,000. ஷெட் வாடகை 25,000. கரண்ட் 28,000. இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட், பராமரிப்பு 25,000. வண்டி, ஆடிட்டர், பிஎஃப், ஈஎஸ்ஐ, சில்லறைச் செலவு 12,000. கூட்டினால் 1,77,000. 38 லட்சத்தில் 8 லட்சம் உங்கள் கைக்காசு, 30 லட்சம் கடன் என்றால், 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு மாதத் தவணை 65,000 வரும். மொத்தம் 2,42,000. மாதம் 18,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது, இதில் உங்கள் சம்பளம் ஒரு பைசா சேரவில்லை. 85 சதவீதம் ஓட்டினால் 680 மணி, பில் 2,72,000. கரண்டும் இன்சர்ட்டும் பத்தாயிரம் கூடும். மிச்சம் இருபதாயிரம்.

எண்களை உங்கள் யூனிட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், படம் பெரிதாக மாறாது. வங்கிக்கு வரும் திட்ட அறிக்கைகளில் முதல் ஆண்டு 70, இரண்டாம் ஆண்டு 80, மூன்றாம் ஆண்டு 90 சதவீதம் என்று ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். அரிசி ஆலையோ, அட்டைப்பெட்டியோ, விஎம்சியோ, எல்லாவற்றுக்கும் அதே 70, 80, 90தான். எழுதிக் கொடுப்பவர் ஒருவரே, கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றுவார். நாங்களும் தெரிந்துதான் வாங்கி வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் இந்தத் தொழிலில் பிழைப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? மணி ரேட்டில்தான். அதே 680 மணி நேரத்தை 600 ரூபாய்க்கு விற்றால் பில் 4,08,000. மெஷினும் அதேதான், ஷெட்டும் அதேதான். 400 ரூபாய் வேலை யாரும் செய்யக்கூடிய வேலை. ஓசூர் சிப்காட், சிட்கோவைச் சுற்றி எந்தத் தெருவிலும் அதைச் செய்ய ஆள் இருக்கிறது, ஐந்து ரூபாய் குறைத்துச் செய்யவும் ஆள் இருக்கிறது. 600 ரூபாய் வேலைக்கு அளவு நுணுக்கம் வேண்டும், சிஎம்எம் (நுணுக்கமாக அளக்கும் மெஷின்) ரிப்போர்ட் வேண்டும், பிபாப் கோப்பு, அதாவது புது பார்ட்டுக்கு வாங்குபவர் ஒப்புதல் தரும் ஆவணத் தொகுப்பு, ஒழுங்காக வேண்டும். பெரும்பாலான சின்ன யூனிட்டுகள் பீஸை நன்றாகத்தான் அடிக்கிறார்கள், காகிதத்தில் கோட்டை விடுகிறார்கள். உங்களிடம் இருக்கும் சரக்கு அதுதான், இத்தனை வருடம் அந்தக் கோப்பைத்தானே திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். எனவே அந்தப் பெரியவரிடம் முதலில் கேட்க வேண்டியது மெஷின் எந்த வருட மாடல் என்பதல்ல. பார்ட் வாரியாக மணிக்கு என்ன விழுகிறது என்பதை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்கள் இரண்டு நாள் ஷெட்டில் உட்கார்ந்து சைக்கிள் டைமை (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்) எடுத்து, பில் விலையை அதால் வகுத்துப் பாருங்கள். போன கையோடு சிவப்புப் பெயின்ட் அடித்த ரிஜெக்ஷன் பெட்டியையும் பாருங்கள். உள்ளே என்ன பீஸ் கிடக்கிறது, எத்தனை நாளாகக் கிடக்கிறது, தூசி எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது ரொட்டேஷன், அதாவது பில் பணம் வரும்வரை தொழிலை ஓட்டக் கையில் வேண்டிய பணம். சம்பளக்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும் என்று இருபது வருடம் பழகிய மனது, பில் போட்டதையே பணம் வந்ததாக நினைத்துக்கொள்கிறது. ஏப்ரலில் வேலை செய்கிறீர்கள். மாதக் கடைசியில் கணக்கு முடித்து 60 நாள் என்பார்கள். அப்புறம் பணம் போடும் தேதி ஏழு என்பார்கள். ஏப்ரல் பணம் ஜூலையில் வரும். இடையில் ஒரு டெபிட் நோட் (பழுதான பீஸுக்கும் மற்றதுக்கும் பிடித்தம்) வந்தால் அதுவும் கழியும். ஆனால் ஆபரேட்டருக்குச் சம்பளம் மே முதல் வாரத்தில். ஏப்ரல் பில்லுக்கான ஜிஎஸ்டியை, பணம் வந்தாலும் வராவிட்டாலும், மாதாமாதம் தாக்கல் செய்பவர் மே 20க்குள் கட்டியாக வேண்டும். மூன்று மாதச் செலவு, தவணையோடு சேர்த்து, ஏழேகால் லட்சம். வங்கி ஆரம்பத்தில் சில மாதம் தவணைக்கு விலக்கு கொடுக்கலாம், அந்த மாத வட்டிக்கு விலக்கு கிடையாது. வீட்டுச் செலவு மாதம் 65,000 என்றால் ஒரு வருடத்துக்கு இன்னொரு எட்டு லட்சம் தனியாக இருக்க வேண்டும். 38 லட்சம் என்று ஆரம்பித்த பேச்சு 53 லட்சத்தில் நிற்கிறது. இந்தப் பதினைந்து லட்சத்தை யோசிக்காமல் வந்து, ஆர்டர் கையில் இருக்கும்போதே ஷட்டரை இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நஷ்டம் வந்து மூடியவர்களைவிட அவர்கள் அதிகம். இது ஜாப் ஒர்க்குக்கான கணக்கு. இரும்பையும் நீங்களே வாங்கிப் போடச் சொன்னால் ரொட்டேஷன் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். காலத்தில் பணம் கொடுக்காவிட்டால் அந்த வருடச் செலவாக வாங்குபவர் அதைக் காட்ட முடியாது. அதன் பிறகு மார்ச் மாதத்தில் மட்டும் பணம் வேகமாக நகர்கிறது என்கிறார்கள். ஆனால் புகார் கொடுத்து வட்டி வாங்கியவருக்கு அடுத்த மாதம் ஷெட்யூல் (மாத ஆர்டர்) வராது, அது உங்களுக்கே தெரியும். டிரெட்ஸ் தளத்தில் பில்லைக் கொடுத்துத் தள்ளுபடியில் முன்பணம் வாங்கும் வழி உருப்படியானது. வாங்கும் கம்பெனி அதில் சேர்ந்திருக்க வேண்டும். ரேட் பேசும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

மானியம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மச்சான் சொல்லியிருப்பார். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு. மானியம் பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். சிறப்புப் பிரிவுக்கு (எஸ்சி, எஸ்டி, ஓபிசி, பெண்கள் போன்றோர்) 25, 35. மேல் வயது வரம்பு இல்லை, 44 ஒரு தடையல்ல. ஆனால் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. மூன்றாண்டு வங்கியில் உங்கள் பெயரில் டெபாசிட்டாகக் கிடக்கும், யூனிட் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். புது யூனிட்டுக்கு மட்டுமே கிடைக்கும், ஓடுகிற யூனிட்டை விலைக்கு வாங்கினால் கிடையாது. தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையான திட்டங்களுக்கு. 25 சதவீத மானியம், உச்சம் 75 லட்சம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. அது முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, வயது வரம்பும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மானியத்துக்காகவே, ஓடுகிற யூனிட்டை விட்டுவிட்டுப் புது யூனிட் போடுவோம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். பழைய யூனிட்டில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது ஆர்டரையும் ஆட்களையும். புதியதில் அவை இரண்டும் பூஜ்யம்.

ஆர்டரை வாங்குகிறோம் என்றேன். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் யூனிட் தனிநபர் பெயரில் இருந்தால், அந்த ஜிஎஸ்டி எண் அவருடைய பான் எண்ணோடு ஒட்டியது. கம்பெனிகள் கொடுத்த வெண்டர் கோடும் (சப்ளையர் பதிவு எண்) அதற்குத்தான். நீங்கள் வாங்கினால் புது ஜிஎஸ்டி, புது வெண்டர் கோடு, மறுபடி ஆடிட். உங்கள் கம்பெனியில் ஒரு புது வெண்டர் உள்ளே வர எத்தனை மாதம் ஆகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த மாதங்களில் மெஷின் உங்களுடையதாக இருக்கும், வேலை இருக்காது. கூட்டு நிறுவனமாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ இருந்தால் பெயர் மாறாமல் உள்ளே போகலாம். தனிநபர் பெயரென்றால், வெண்டர் மாற்றம் முடியும்வரை அவர் பெயரிலேயே ஓட்டி, அதன் பிறகு பெரும்பகுதிப் பணம் கைமாறுவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் விற்கிறார் என்று கேட்டிருப்பீர்கள், "பசங்க பெங்களூர்ல ஐடியில இருக்காங்க, நமக்கும் முடியல" என்றிருப்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஓசூரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஷெட் போட்டவர்களுக்கு இப்போது அந்த வயதுதான். வாயால் சொல்வதை விடுங்கள், மூன்று காகிதம் வாங்குங்கள். இரண்டு வருட ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் படிவம். வருமான வரித் தளத்தில் இருக்கும் 26ஏஎஸ். ஜாப் ஒர்க் பில்லுக்கு வாங்குபவர் டிடிஎஸ் பிடித்திருப்பார், எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பது அதில் அப்படியே தெரியும். மூன்றாவது கரண்ட் பில். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். மெஷின் ஓடாமல் மீட்டரில் கரண்ட் யூனிட் ஏறாது. "ரெண்டு ஷிஃப்டும் ஃபுல்லா போகுது சார்" என்பவரின் கரண்ட் பில் ஒரு ஷிஃப்டுக்குத்தான் கணக்குக் காட்டும். ஒரே கம்பெனியிடமிருந்து முக்கால்வாசி வருமானம் என்று 26ஏஎஸ் சொன்னால், வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆளிடம் பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய பாக்கிகளும் இருக்கின்றன. தொழிலை மொத்தமாகக் கைமாற்றினால், அதற்கு முந்தைய ஜிஎஸ்டி நிலுவைக்கு வாங்குபவரும் சேர்ந்து பொறுப்பு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. மெஷின் மேல் வேறு வங்கிக் கடன் இருக்கிறதா, ஆபரேட்டர்களின் கிராஜுவிட்டி யார் தலையில், ஷெட்காரர் வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவாரா, இதெல்லாம் வழக்கறிஞர் பார்ப்பார். அவர் பார்க்காதது ஒன்று உண்டு: கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி யாருக்கு? விற்பவர் சாதாரணமாக "அது என்னுது" என்பார். அப்படியானால் நீங்கள் முதல் மூன்று மாதம் வெறும் கையோடு நிற்பீர்கள், மேலே சொன்ன ஏழேகால் லட்சம் அதுதான். அந்தப் பாக்கியை உங்களிடம் விட்டுவிட்டு, வர வர அவருக்குத் தவணையாகத் தருவதாகப் பேசிப் பாருங்கள். விலையில் இரண்டு லட்சம் குறைப்பதைவிட இதற்கு ஒப்புக்கொள்ள வைப்பது பெரிது. கூடவே அவர் ஆறு மாதமாவது தினமும் ஷெட்டுக்கு வர வேண்டும், அதற்கு மாதச் சம்பளம் கொடுத்தாலும் தப்பில்லை. ஆபரேட்டர்கள் அவர் முகத்துக்காக இருப்பவர்கள். இரவு ஷிஃப்டில் ஒடிசா பையன் லீவு போட்டால் யாரைக் கூப்பிடுவது என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

மாங்கூழுக்கு ஒரு பத்தி போதும். கிருஷ்ணகிரி பெங்களூரா மாங்காய் கூழுக்கென்றே விளைவது, தோட்டம் மச்சானிடம் இருப்பது நல்லதுதான். ஆனால் இந்தத் தொழிலில் கடினமான பகுதி பழம் அல்ல. மே முதல் ஜூலை வரையான இரண்டு மூன்று மாதத்தில் முழு வருடச் சரக்கையும் பணம் கொடுத்து வாங்கி, அரைத்து, டின்னிலோ டிரம்மிலோ அடைத்து வைத்து, ஜூஸ் கம்பெனியோ ஏற்றுமதியாளரோ எடுக்கும்வரை வட்டி கட்ட வேண்டும். 2025 சீசனில் முந்தைய வருடக் கூழே ஆலைகளில் தேங்கிக் கிடந்தது, பழத்தின் விலை விழுந்தது, தோட்டக்காரர்கள் பறிகூலிகூடத் தேறாமல் தவித்தார்கள். பழம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த வருடம் ஆலை ஆரம்பித்தவர் யாரிடம் விற்பார்? பெரிய கைகளின் தொழில் அது. மச்சானுக்கு ஆசை என்றால், வேறு ஆலையில் கூலிக்கு அரைத்து வாங்கிச் சின்ன அளவில் ஜாம், ஸ்குவாஷ் என்று விற்றுப் பார்க்கட்டும். நீங்கள் அதற்காக வேலையை விட வேண்டியதில்லை.

டீக்கடை பிராஞ்சைஸில் உட்புற அலங்காரத்துக்குப் போடும் காசு போட்டதுதான், திரும்பாது. கட்டணம் வாங்குபவருக்கு முதல் நாளே லாபம். காலை ஐந்து மணிக்குப் பால் இறக்க நீங்கள் போவீர்களா? மாட்டீர்கள் என்றால் அதை இத்தோடு விடுங்கள்.

இனி வீட்டுக் கணக்கு. பிஎஃப் பணத்தைத் தொழிலில் போடாதீர்கள். கணக்கில் இருக்கும்வரை எந்தக் கடன்காரரும், நீதிமன்ற ஆணையோடு வந்தாலும், அதைத் தொட முடியாது. பிஎஃப் சட்டம் அப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எடுத்து மெஷினில் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. வேலையை விட்ட பிறகும் அதற்கு வட்டி ஏறும், அந்த வட்டிக்கு மட்டும் வரி உண்டு. ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் சர்வீஸ் பத்து வருடம் தாண்டியிருந்தால் 58 வயதில் ஓய்வூதியமும் உண்டு. ஆரம்பப் பணத்துக்கு கிராஜுவிட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனிக் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புது பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மாறினால் காத்திருந்த காலமும் கணக்கில் சேரும்.

வங்கியில் வீட்டை அடமானமாகக் கேட்பார்கள். சிஜிடிஎம்எஸ்இ எனும் சிறுதொழில் கடன் உத்தரவாத நிதியின் உத்தரவாதத்தில் பிணையில்லாமல் தர வழி இருக்கிறது, கட்டணம் உண்டு, மேலாளருக்குக் கொஞ்சம் வேலை அதிகம். அதனால் அவராக எடுத்துச் சொல்ல மாட்டார், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வீடு மனைவி பெயரில் இருந்தால் அவர் கையெழுத்தும் கேட்பார்கள். என் மேஜைக்கு எதிரே, எங்கே போடணும் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்ட அம்மாக்கள் நிறைய பேர். கணவர்கள் அந்த நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் 53 லட்சத்தின் கணக்கை, எது போனால் எது மிஞ்சும் என்பது உட்பட, ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு அப்புறம் வங்கிக்குக் கூட்டிப்போங்கள்.

காலம்: மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை வேலையில் இருங்கள். அதற்குள் அந்தப் பெரியவரிடம் மூன்று காகிதத்தையும் வாங்கிவிடலாம், சைக்கிள் டைம் எடுத்துவிடலாம், 600 ரூபாய் வேலை தரக்கூடிய இரண்டு கம்பெனிகளோடு, உங்கள் கம்பெனிக்குப் போட்டியில்லாதவையாகப் பார்த்து, வெளிப்படையாகப் பேசியும் விடலாம். இரண்டில் ஒன்றாவது மாதிரி பீஸுக்கு எழுத்தில் ஆர்டர் கொடுத்தால் விலையை 38இலிருந்து கீழே பேச உட்காருங்கள். இரண்டும் கொடுக்கவில்லை என்றாலோ, 26ஏஎஸ் கேட்டதும் பெரியவர் "அதெல்லாம் எதுக்கு சார், நம்ம பழக்கத்துக்கு" என்றாலோ, அந்த யூனிட்டை விட்டுவிடுங்கள். ஓசூரில் விற்பனைக்கு நிற்கும் ஷெட் அது ஒன்று மட்டும் அல்ல.